34ஆம் எண் சட்டை: ஒரு பருவத்து வியப்பின் வரலாறு

விளையாட்டு பற்றி நம்மிடையே இரண்டே பேச்சுகள்தான் உண்டு. அது மக்களை மயக்கும் அபின், உழைக்கிறவனின் ஞாயிற்றுக்கிழமையையும் முதலாளியே தின்றுவிடும் ஏற்பாடு என்பது ஒன்று. ஒடுக்கப்பட்டவர்கள் ஏறிவர ஆடுகளம் ஓர் ஏணி, அங்கே திறமைதான் பேசும், பிறப்பு பேசாது என்பது இன்னொன்று. முதல் பேச்சு ரசிகரை முட்டாளாக்கிவிடுகிறது. இரண்டாவது பேச்சு ஏணி யாருக்குச் சொந்தம் என்று கேட்பதேயில்லை. ரசிகர் என்ன செய்கிறார் என்று இரண்டுமே பார்ப்பதில்லை. கைதட்டுவது, தொண்டை கிழியப் பெயர் சொல்லிக் கத்துவது, எண் போட்ட சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிடுவது, நாற்பது வருஷம் கழித்தும் ஒரே ஓர் ஓட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வது, இதெல்லாமும் செயல்கள்தாம். வரலாறு உள்ள செயல்கள். சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963-ல் எழுதிய 'பியாண்ட் எ பவுண்டரி' கிரிக்கெட்டை வைத்து இந்தக் கதவைத் திறந்தது. அந்த வழியில் அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழக மைதானம் வரைக்கும் போய்ப் பார்க்கலாம். பருவம் 1980. ஆட்டக்காரர் ஹெர்ஷல் வாக்கர்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. அமெரிக்கக் கால்பந்து நாம் காலால் உதைத்து ஆடும் பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு நிலத்தைக் கெஜம் கெஜமாகப் பிடிக்கும் ஆட்டம் அது. எதிராளியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் 'டச் டவுன்', ஆறு புள்ளி. பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியின் உடல்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறவர்தான் 'ரன்னிங் பேக்'. கபடியில் பாடிப் போகிறவரைப் போல எல்லார் கையும் அவர்மேல்தான். ஓர் ஆட்டத்தில் முப்பது தடவை ஓடினால் ஏறக்குறைய முப்பது தடவையும் கீழே தள்ளப்படுவார். அவர் எத்தனை கெஜம் ஓடினார் என்று கணக்கு எழுதுவார்கள். எத்தனை தடவை விழுந்தார் என்று யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்று, இந்த ஆட்டத்தின் பெரிய கூட்டங்கள் தொழில்முறை அணிகளுக்கு மட்டும் கூடுபவை அல்ல. தென்மாநிலங்களில் பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் பெருமை. அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசற்படி மிதிக்காத விவசாயியும் லாரி ஓட்டுநரும் அதன் நிறத்தைப் போட்டுக்கொண்டு திரிவார்கள். ஜார்ஜியா மாநிலம் அப்படி. அதன் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் ஏதென்ஸ்.

2

அந்த ஊர்க் கூட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு.

1961 ஜனவரியில், நீதிமன்ற உத்தரவின் பலத்தில், சார்லெய்ன் ஹண்டர், ஹாமில்டன் ஹோம்ஸ் என்ற இரண்டு கறுப்பு மாணவர்கள் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைத்தார்கள். அதுவரை அது வெள்ளையர்களின் இடம். ஜனவரி 11 இரவு ஜார்ஜியா டெக் அணியோடு கூடைப்பந்து ஆட்டம். சொந்த அணி தோற்றது. ஆட்டம் முடிந்த பிறகு திரண்ட கூட்டம் ஹண்டர் தங்கியிருந்த விடுதியைச் சூழ்ந்துகொண்டது. கல்லும் செங்கல்லும் ஜன்னல்களை உடைத்தன. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தது. அவர்களின் பாதுகாப்புக்காக என்று சொல்லி அந்த இரண்டு மாணவர்களைப் பல்கலைக்கழகம் வெளியே அனுப்பியது. நீதிமன்றம் மறுபடி தலையிட்ட பிறகே அவர்கள் திரும்ப முடிந்தது.

ஹோம்ஸ், அட்லாண்டாவில் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். ஜார்ஜியா அணியில் அவருக்கு இடமில்லை. 1971-ல் சேர்க்கப்பட்ட கறுப்பு வீரர்கள் 1972-ல்தான் முதன்மை அணியில் இறங்கினார்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் போர்ச் சின்னத்தை 1956-ல் தன் கொடியில் சேர்த்துக்கொண்ட மாநிலம் அது. 2001 வரை அந்தக் கொடி இறங்கவில்லை. நாம் பேசப்போகும் பருவம் முழுக்க மாநிலத்தின் கொடி அதுதான்.

அணி ஆட்டம் தோற்ற இரவில் கல்லெடுக்கும் கூட்டமும், பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு கறுப்பு இளைஞரின் பெயரைக் கூவும் கூட்டமும் இரண்டு வெவ்வேறு இனத்தார் அல்லர். ஒரே ஊர், ஒரே பல்கலைக்கழகம், ஒரே நிறச் சட்டை. இடையில் எது மாறியது, எது மாறவில்லை என்பதுதான் நம் கேள்வி.

3

வாக்கரின் ஊர் ரைட்ஸ்வில். ஜான்சன் கவுண்டியின் தலைநகரம் என்று பெயர், சில ஆயிரம் பேர் வாழும் சின்ன ஊர். அப்பா வெள்ளைக் களிமண் ஆலையில் வேலை, அம்மா துணி தைக்கும் ஆலையில். ஏழு பிள்ளைகள். சின்ன வயதில் ஹெர்ஷல் குண்டாக இருந்தவர், திக்கிப் பேசியவர். மற்ற பிள்ளைகளின் கேலிக்கு ஆளானவர். பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர் சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டு தினமும் தண்டால், வயிற்றுப் பயிற்சி, ஓட்டம் என்று ஆரம்பித்தார். தொலைக்காட்சியில் விளம்பரம் வரும் நேரத்தில் தரையில் படுத்துத் தண்டால் எடுப்பார், நிகழ்ச்சி தொடங்கினால் எழுந்து உட்காருவார். நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில். பள்ளியின் கடைசிப் பருவமான 1979-ல் 3,167 கெஜம் ஓடினார். நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்தச் சின்ன ஊருக்கு ஆள் அனுப்பின. மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 1980 ஏப்ரல் 6, ஈஸ்டர் ஞாயிறு, ஜார்ஜியாவைத் தேர்ந்தெடுத்தார். மாநிலமே கொண்டாடியது.

அதே வசந்தத்தில் அதே ரைட்ஸ்வில்லில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. கறுப்பர்கள் நீதிமன்றச் சதுக்கத்தில் திரண்டு வந்தார்கள். எங்கள் தெருக்களுக்கும் தார் போடு, எங்களுக்கும் வேலை கொடு, ஷெரீப்பின் கெடுபிடியை நிறுத்து என்று சாதாரணக் கோரிக்கைகள். 1960-களில் முடிந்துபோனதாக நாடு நம்பிக்கொண்டிருந்த விவகாரங்கள். வெள்ளையர் கூட்டம் அவர்களைத் தாக்கியது. மே மாதத்தில் கறுப்பர் குடியிருப்பில் புகுந்து கூட்டமாகக் கைது செய்தார்கள்.

அந்த ஊரின் மிகப் பிரபலமான கறுப்பர் பதினெட்டு வயசுப் பையன். போராட்டக்காரர்கள் அவர் வருவார் என்று எதிர்பார்த்தார்கள். ஊரின் வெள்ளையர்களோ அவர் வரக்கூடாது என்று எதிர்பார்த்தார்கள். அவர் ஊர்வலத்துக்கு வரவில்லை. எதையும் சொல்லவுமில்லை. கறுப்பு மாணவர்கள் சிலருக்கு அந்தக் கசப்பு தீரவேயில்லை.

இந்த இடத்தில் வாக்கரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். நம்மிலே பலருக்கு அதில் சந்தோஷமும் உண்டு. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பயிற்சியாளர்களும் ஷெரீப்பின் ஆட்களும் போராட்டக்காரர்களும் எல்லாரும் அந்தப் பையனிடம் எதைக் கேட்டார்கள்? அவருடைய உடம்பைத்தான் கேட்டார்கள். ஒருவருக்கு அது மைதானத்தில் வேண்டும், ஒருவருக்கு அது சதுக்கத்தில் வேண்டும், இன்னொருவருக்கு அது சதுக்கத்தில் இல்லாமல் இருக்க வேண்டும். நீ என்ன நினைக்கிறாய் என்று திக்குவாயோடு வளர்ந்த அந்தப் பையனிடம் கேட்டவர் யார்? இயக்கங்கள் தங்கள் பக்கத்து நட்சத்திரங்களை எப்படி நடத்துகின்றன என்று நாமும் கொஞ்சம் திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

4

இனி அந்தப் பருவம்.

1980 செப்டம்பர் 6, டென்னசியின் நாக்ஸ்வில் மைதானம். தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட ஜனம். முதலாண்டு மாணவர் வாக்கர் ஆரம்பத்தில் பெஞ்சில்தான் இருந்தார். ஜார்ஜியா 15-2 என்று பின்தங்கியிருந்தபோது பந்து அவர் கைக்கு வந்தது. குறுக்கே நின்ற பில் பேட்ஸ் என்ற தற்காப்பு ஆட்டக்காரரை விலகி ஓடவில்லை. நேராக மோதி, மல்லாத்திவிட்டு, மேலே ஏறிப் போய்க் கோட்டைத் தொட்டார். அன்று ஜார்ஜியா 16-15 என்று ஜெயித்தது. வானொலியில் வர்ணனை செய்த லாரி மன்சன், முதலாண்டுப் பையனா இப்படி என்று கடவுளைக் கூப்பிட்டு வியந்தார். அந்தக் குரலைப் பிறகு பிறந்த பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு ஜார்ஜியா திரும்பத் திரும்பக் கேட்டது.

பிறகு வாரா வாரம் கணக்கு ஏறியது. வாண்டர்பில்ட்டுக்கு எதிராக 283 கெஜம். தென் கரோலினாவுக்கு எதிராக 219. எதிரே ஆடிய ஜார்ஜ் ரோஜர்ஸ் அந்த ஆண்டின் ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர். அன்று வாக்கர்தான் அதிகம் ஓடினார். புளோரிடாவுக்கு எதிராக 238. பதினோரு ஆட்டங்களில் 274 ஓட்டம், 1,616 கெஜம், 15 டச் டவுன். முதலாண்டு மாணவர் ஒருவர் அதுவரை ஓடாத தூரம். ஹைஸ்மன் வாக்கெடுப்பில் மூன்றாமிடம், அதுவும் முதலாண்டு மாணவர் யாருக்கும் அதுவரை கிடைக்காத இடம்.

1981 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸில் 'சுகர் பவுல்'. எதிரணி நோட்ர டேம். தேர்தலில் ரீகனிடம் தோற்று, பதவியின் கடைசி நாட்களில் இருந்த ஜிம்மி கார்ட்டர், ஜார்ஜியாக்காரர், பார்க்க வந்திருந்தார். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வாக்கரின் தோள்மூட்டு விலகிவிட்டது. அதைச் சரி செய்துகொண்டு திரும்ப வந்து, 36 தடவை ஓடி 150 கெஜம் எடுத்தார். இரண்டு டச் டவுனும் அவருடையதே. 17-10 வெற்றி, தேசிய வெற்றிப் பட்டம், ஒரு தோல்வியும் இல்லாத பருவம். அன்று ஜார்ஜியா அணி மொத்தமும் சேர்ந்து முன்னேறிய தூரம் 127 கெஜம். அதாவது அவர் ஒருவர் முன்னே இழுத்ததில் 23 கெஜத்தை மற்ற எல்லோருமாகச் சேர்ந்து பின்னே விட்டிருக்கிறார்கள்.

இதைப் பார்த்து வியக்காமல் இருப்பவரை நான் நம்பமாட்டேன். வியப்பு பொய்யில்லை. ஆனால் அது எந்தச் சொற்களில் வெளிப்பட்டது? இப்படி ஓடுகிறவர்களுக்கு விளையாட்டு எழுத்தில் வழக்கமாகக் கிடைக்கும் உவமைகள் சரக்கு ரயில், காளை, இயந்திரம். கடவுள் கொடுத்த உடம்பு என்பார்கள். ஆயிரக்கணக்கான தண்டாலும், வெயிலில் ஓடிய ஓட்டமும், கேலியைத் தாங்கிய பிடிவாதமும் அந்த ஒரு சொல்லில் மறைந்துபோகின்றன. உழைப்பு இயற்கையாக மாறிவிடுகிறது. இயற்கைக்குக் கூலி கிடையாது. கறுப்பு உடலின் வலுவைப் பல்லைப் பிடித்துப் பார்த்து விலைபேசிய மண்ணில் இந்த மொழிக்கு வயது அதிகம். மைதானத்தில் கத்தியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. மொழிக்குத் தெரியும்.

5

இப்போது கூலியைப் பார்ப்போம்.

கல்லூரி ஆட்டக்காரருக்குப் படிப்பு, சாப்பாடு, தங்கும் இடம் கிடைக்கும். சம்பளம் கிடையாது. அவர் தொழிலாளி அல்ல, 'மாணவ விளையாட்டு வீரர்'. இந்தச் சொல் சும்மா வந்ததல்ல. 1955-ல் கொலராடோவில் ஆட்டத்தில் அடிபட்டு ஒரு மாணவர் இறந்தார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி உதவி கேட்டார் அவர் மனைவி. 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. இப்படிப்பட்ட வழக்குகளுக்கு அஞ்சித்தான் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டது. சங்கத்தின் நிர்வாகியாக நெடுங்காலம் இருந்த வால்டர் பயர்ஸே ஓய்வுபெற்ற பிறகு 1995-ல் எழுதிய புத்தகத்தில் இதை ஒப்புக்கொண்டார். இந்த அமைப்பைப் பற்றி எழுதும்போது அடிமைத் தோட்டத்தை நினைவூட்டும் சொல்லையும் அவரே பயன்படுத்தினார்.

ஏதென்ஸில் மைதானத்தின் கிழக்குப் பக்கம் ரயில் பாதை ஒன்று உயரத்தில் போகிறது. நுழைவுச்சீட்டு வாங்க வழியில்லாதவர்கள் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்து இலவசமாக ஆட்டம் பார்ப்பார்கள். தண்டவாளத்து ஜனங்கள் என்றே அவர்களுக்குப் பெயர். 1980 பருவம்தான் அவர்களுக்குக் கடைசி. வெற்றியின் சூட்டில் நன்கொடை குவிந்து, 1981-ல் அந்தப் பக்கத்தை அடைத்து ஏறக்குறைய 19,000 இருக்கைகள் கட்டினார்கள். வாக்கரின் ஓட்டத்தைக் காசில்லாமல் பார்த்தவர்களை வாக்கரின் ஓட்டமே வெளியேற்றிவிட்டது. வியப்பை மதில் கட்டி விற்கலாம் என்பதை நிர்வாகம் கண்டுகொண்டது.

கொஞ்ச நாளில், தொலைக்காட்சி உரிமையை என்.சி.ஏ.ஏ. தனியாகக் கட்டுப்படுத்தக்கூடாது என்று ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கமும் வழக்குப் போட்டன. 1984-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒளிபரப்பு விற்பனை திறந்துவிடப்பட்டது. பெரும்பணம் அதற்குப் பிறகு வந்ததுதான். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பைரன் வைட், 1930-களில் கொலராடோவில் கொண்டாடப்பட்ட கல்லூரி ரன்னிங் பேக். பணம் உள்ளே வந்தால் படிப்பு என்னாகும் என்பது அவர் கவலை.

கவலைக்குக் காரணம் இருந்தது. ஜார்ஜியாவிலேயே ஜேன் கெம்ப் என்ற ஆசிரியை, தேறாத ஆட்டக்காரர்களைத் தேறியதாகக் காட்டி மைதானத்துக்கு அனுப்புவதை எதிர்த்தார். வேலை போயிற்று. 1986-ல் வழக்கில் ஜெயித்தார். பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் நடுவர் குழுவின்முன் வாதாடியபோது, இந்தப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் குப்பை அள்ளுவதற்குப் பதிலாகத் தபால் நிலையத்தில் வேலை பார்க்கலாமே என்ற அர்த்தத்தில் பேசினார். சனிக்கிழமை எண்பதாயிரம் பேர் கொண்டாடும் பிள்ளைகளைப் பற்றி அந்த நிறுவனம் எந்த அளவுக்கு எதிர்பார்த்தது என்பது இதில் தெரிகிறது.

வாக்கர் மூன்று பருவங்களில் 5,259 கெஜம் ஓடினார். 1982-ல் ஹைஸ்மன் கோப்பை. 1983-ல் படிப்பை முடிக்காமல் புதிய தொழில்முறைக் குழுவான நியூஜெர்சி ஜெனரல்ஸுக்குப் போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த அணியை விலைக்கு வாங்கியவர் டொனால்டு டிரம்ப். 2008-ல் தன் மனநோய் பற்றித் தானே ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார் வாக்கர். தனக்குள் பல ஆட்கள் இருந்ததாகச் சொன்னார். அதுவரை அவருக்குள் என்ன இருக்கிறது என்று வியந்தவர்கள் யாரும் கேட்டதில்லை.

6

2022-ல் அவர் ஜார்ஜியாவின் செனட் வேட்பாளர், குடியரசுக் கட்சி, டிரம்பின் ஆதரவு. எதிரே மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கம் செய்த எபினேசர் தேவாலயத்தின் போதகர், இன்னொரு கறுப்பர், ரபேல் வார்னாக். 1980-க்குப் பிறகு ஜார்ஜியா அடுத்த தேசியப் பட்டத்தை வாங்கியதே 2022 ஜனவரியில்தான். நாற்பத்தொரு வருஷம் அந்த ஒரே பருவத்தைத்தான் ரசிகர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். கூட்டங்களுக்கு 34ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பிரச்சாரத்தில் அவர் சொன்னதன் சாரம்: எதிராளி இந்த நாட்டை இனவெறியர் நாடு என்கிறார், நான் இதைத் தாராள மனமுள்ளவர்களின் நாடு என்கிறேன். இதை வெறும் பொய் என்று தள்ளிவிடக்கூடாது. அவர் கண்ட ஜார்ஜியா அதுதானே. பதினெட்டு வயசில் பல்லாயிரம் பேரின் அன்பை அவர் பார்த்திருக்கிறார். அந்த அன்பு நிஜம். ரைட்ஸ்வில் சதுக்கத்தில் விழுந்த அடியும் நிஜம். ஒரே வருஷத்தில், ஒரே மாநிலத்தில், பல சமயம் ஒரே வீட்டில் இரண்டும் சேர்ந்து வாழ்ந்தன. ஒன்றுக்கொன்று முரண்படவேயில்லை. ஏனென்றால் விதிவிலக்கின்மேல் வைக்கும் அன்பு விதியை அசைப்பதில்லை, விதியைச் சுமக்கிறவனின் மனசாட்சிக்கு அது ஆறுதலாகிவிடுகிறது. எங்களுக்கா நிறவெறி, ஹெர்ஷலை எப்படிக் கொண்டாடினோம் தெரியுமா? தெருவுக்குத் தார் கேட்டவர்களுக்கு இதுவே பதிலாகிவிட்டது.

டிசம்பர் 6-ல் வாக்கர் தோற்றார். கறுப்பு வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வார்னாக்குக்கு வாக்களித்தார்கள். அவர்களிலும் 1980-ல் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஓட்டத்துக்குத் துள்ளிக் குதித்தவர்கள் இருந்திருப்பார்கள். வியப்பு வேறு, வாக்கு வேறு என்று அவர்கள் பிரித்துக்கொண்டார்கள். ரசிகர் முட்டாள் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அந்தக் கைதட்டலால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. 1961-ல் கல் விழுந்த வளாகத்தில் ஒரு கறுப்பு மாணவரின் எண்ணை வெள்ளைப் பிள்ளைகள் ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டார்கள். அதைச் சிறுமை என்று சொல்லமாட்டேன். ஆனால் கைதட்டியதோடு கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைத்தார்கள். 2021 ஜூலையில்தான் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படிதான் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாயிற்று, முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. இவையெல்லாம் வழக்குப் போட்டு, சட்டம் இயற்றி வாங்கியவை. கைதட்டி வந்தவை அல்ல.

ஹாமில்டன் ஹோம்ஸ் 1963-ல் ஜார்ஜியாவில் பட்டம் வாங்கினார். பிறகு மருத்துவம் படித்து எலும்பு அறுவை மருத்துவரானார், 1995-ல் இறந்தார். கல்லெறிந்த கூட்டத்தைத் தாண்டி வகுப்புக்குப் போனவர். ஹெர்ஷல் வாக்கர் அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியது 2024 டிசம்பரில், 62ஆம் வயதில், சேர்ந்து நாற்பத்து நாலு வருஷம் கழித்து. அவரை அங்கே யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் கொண்டாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.